புகார் சொல்ல வந்தவர்

“பதினாலு புத்தகமும் கேட்டு முடிச்சிட்டேன். பாதிக்கு மேல குப்பைம்மா” என்று சொல்லி, கையிலிருந்த நோட்டை மேஜைமேல் விரித்தார் அந்தப் பெரியவர்.

ஒலிநூல் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் அப்போதுதான் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முன்னறையில் வேறு யாரும் இல்லை. புகாரைப் போனிலேயே எழுதி அனுப்பலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் நகர்வதாக இல்லை. லேத் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறை.

நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். துப்பறியும் கதையில் கொலைகாரன் யாரென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டதாம். காதல் நாவலில் இரண்டு பேரும் பேசிப் பேசியே உயிரை வாங்குகிறார்களாம். தேனீ வளர்ப்புப் புத்தகம் மட்டும் தேவலையாம். மொட்டைமாடியில் ஒரு பெட்டி வைக்கலாமா என்று நாலு நாள் யோசித்தாராம். மற்றதையெல்லாம் எழுதியவர்களை ஒருத்தர் விடாமல் வறுத்தெடுத்தார்.

“இவ்வளவு பிடிக்காதவர் எதுக்குங்க ஐயா பதினாலையும் கேட்டீங்க?”

அவர் நோட்டை மூடினார். “எல்லாத்தையும் வாசிச்சது என் பையன்மா.”

அவள் தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் நடந்ததை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மகன் எந்நேரமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்துகொண்டிருப்பான். பட்டறைக்கு வரமாட்டான். ஒருநாள் ஆத்திரத்தில், இப்படிக் கத்திக்கிட்டே கிடந்தால் சோறு வருமா, வெளியே போடா என்று இவர் சொல்ல, அவன் போய்விட்டான். நம்பரை மாற்றிவிட்டான். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் மூத்த மகள் தன் போனில் ஏதோ கதை ஓடவிட்டிருந்தாள். சமையலறையிலிருந்து ஓடி வந்த அவர் மனைவி, இது நம்ம பிள்ளைதான் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பெயரை மாற்றிப் போட்டிருந்தான். குரலை மாற்ற முடியுமா? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தோடு புத்தகத்தைத் தலைமுழுகியவர், கேட்டதைப் பற்றியெல்லாம் நோட்டில் எழுதத் தொடங்கினார். என்றைக்காவது அவனைப் பார்த்தால் பேச ஏதாவது வேண்டுமே.

“அவங்கம்மாவுக்கு நாளைக்குக் காலையில இதய ஆபரேஷன். பிள்ளையைப் பார்க்காம உள்ள போக மாட்டேன்னு படுத்துக் கிடக்கறா. தள்ளிப்போட்டா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க ஆபீசுக்குப் பத்து தடவை போன் பண்ணிட்டேன். ஒரு ஆளும் எடுக்கலை.”

அவள் ஏதோ சொல்ல வந்து, நோட்டை அவர் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

விலாசம் தர மறுக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். விலாசமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு சேதி போய்ச் சேர்ந்தால் போதும் என்று கெஞ்சினார். அவள் காலில் விழக்கூடத் தயாராக இருந்தார். அவள்தான் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே இழுப்பு உண்டும்மா. பழைய புத்தகத்துல எல்லாம் ரெண்டு வரிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கறது கேட்கும். இந்த வருஷம் வந்த மூணு புத்தகத்துல அது துளிகூட இல்லை. பிள்ளை உடம்பு தேறிட்டான்னு அவங்கம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி. அப்பா எல்லாத்தையும் கேட்டாரு, நீ வாசிச்சதுல ஒரு குறையும் இல்லைன்னு சொன்னாருன்னு மட்டும் சொல்லிடும்மா. வந்துடுவான்.”

அவள் உள்ளே திரும்பி, கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவு அறையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரும் பார்த்துவிட்டார். சட்டென்று எழுந்து, கலைந்திருந்த தலைமுடியைக் கையால் கோதிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“உள்ளதான் இருக்கானாம்மா?”

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மூணும் அவர் குரல்ல மெஷின் வாசிச்சதுங்க ஐயா, அவர் தவறி ரெண்டு வருஷம் ஆகுது.”