எஞ்சின் இல்லாத மாப்பிள்ளை

திருகோணமலை மாவட்டத்துப் பொதுமக்கள் அனைவருக்கும் அறியத்தருவது யாதெனில், ஓர்ஸ் ஹில்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயந்திரப் பகுதி அத்தியட்சகர் திருவாளர் ஆனந்தராசா அவர்கள், இன்று காலை குளியலறை வடிகானுக்குள் விரலை விட்டு, தம் பாரியாரின் தலைமயிர்ச் சுருளொன்றை வெற்றிகரமாக மீட்டெடுத்தார்.

மீட்டதைக் கழுவவில்லை. யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நரைத்தவற்றைக் கழித்து, மை பூசிய கறுப்பு இழைகளை மட்டும் தெரிந்தெடுத்தார்.

"அரியண்டம்," என்றார் மனைவி மங்களேஸ்வரி. "சீப்பில கிடக்கிறதையாவது எடுக்கலாமே?"

"சீப்பு மயிர் விறைச்சு நிக்குது. ஸ்பார்க் பிளக் வயர் எண்டால் வளைஞ்சு கிடக்கவேணும்."

அந்த வயர் போகவிருந்த கார் ஒரு சாண் நீளம். பிளாஸ்ரிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும், ஒட்டிச் செய்யவேண்டும். மகள் லோஜினியைப் பெண் கேட்டிருக்கும் கஜீபன், வருங்கால மாமனாருக்கு வாகனம் என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, யப்பானிலிருந்து எடுப்பித்துப் பரிசுத் தாளில் சுற்றிக் கொடுத்தது.

பரிசு கிடைத்த அன்றைக்கே ஆனந்தராசா அறைக்குள் போய்ப் பெட்டியைப் பிரித்திருந்தார். செய்முறைத் தாளை எறிந்தார். அது எஞ்சின் தெரியாதவர்களுக்கு. துண்டுகளை ஒட்டி முடித்துப் பொனட்டைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே எஞ்சின் இல்லை.

அன்றோடு அந்த அறைக்குள் மகளுக்கும் அனுமதியில்லை. வெறும் பெட்டி சான்றுப்பொருளாகி அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளையோடு மனைவிக்கு மட்டும் விசயம் சொல்லப்பட்டது.

"எஞ்சினை விடும், ஒரு சைலன்சர்கூட வைக்கேல்லை. விளையாட்டுச் சாமானிலயே ஏமாத்துறவன் குடும்பத்தில சும்மா இருப்பானோ?"

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளையிட்ட ஒருக்காக் கேட்டால் என்ன?"

"குற்றவாளியிட்டயே கேக்கிறதோ? எஞ்சினை நானே செய்து வைச்சு, அவன்ர முகத்துக்கு முன்னால பொனட்டைத் திறந்துபோட்டுத்தான் ஏலாது எண்டு சொல்லுவன்."

லோஜினிக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை அப்பா முடிவு சொல்வார் என்பது மட்டுமே. கஜீபன் இல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிட்டு, சோற்றைக் கிண்டிக்கொண்டு இருந்தாள்.

அறைக்குள் எஞ்சின் வளர்ந்தது. பழைய பாட்டா செருப்பின் அடியில் வெட்டிய றப்பர்தான் அதன் உடம்பு. பிறசர் குளிசை வந்த வெள்ளித் தாள் றேடியேற்றர் ஆயிற்று. அலுமாரிக்குப் பின்னால் செத்துக் கிடந்த கரப்பொத்தான் தன் பின்னங்கால் ஒன்றைக் காபரேற்றருக்குத் தானம் செய்தது. பேனைக் குழல் சைலன்சராகிக் காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

ஒயில் கசிந்த நிறத்துக்கு எந்தப் பெயின்ரும் சரிவரவில்லையாம். தீக்குச்சியைக் காதுக்குள் விட்டுக் கிண்டி, வந்த குறும்பியை எஞ்சின் முழுக்கப் பூசினார். பூசிவிட்டு மோந்தும் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

பசை மணத்துக்கு, ஊருக்குள் திரிந்து வாசலில் மேயும் மான்கள்கூட அந்த யன்னல் பக்கம் வருவதை விட்டுவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கஜீபன் தாயோடு வந்தான். லோஜினி தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, குசினி வாசலில் நின்றாள். ஆனந்தராசா பட்டுத்துணி மூடிய தட்டோடு அறையிலிருந்து வெளிப்பட்டார். சுவாமி வீதியுலா வந்தால்கூட இவ்வளவு மெதுவாக வராது.

துணியை உடனே எடுக்கவில்லை. தாம் எஞ்சின்களோடு சீவித்த காலத்தைப் பற்றியும், எஞ்சினே வாகனத்தின் ஆன்மா என்பதைப் பற்றியும், ஆன்மா இல்லாத இந்தக் காலத்து இளைஞர்களைப் பற்றியும் நீண்ட நேரம் பேசினார். பிறகு துணியை விலக்கிப் பொனட்டைத் திறந்து, வடிகான் மயிரிலிருந்து காதுக் குறும்பி வரைக்கும், எது எங்கிருந்து எடுத்தது என்று ஒன்றும் விடாமல் விளக்கினார்.

கஜீபனின் தாய் கடித்த றோல்ஸைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். அதை மங்களேஸ்வரி கண்டும் காணாததுபோல் இருந்தார்.

ஆனந்தராசா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நீர் எஞ்சின் இல்லாத காரைத் தந்தனீர். அந்தக் குறையை நான் என்ர கையால தீர்த்து வைச்சிருக்கிறன். உள்ளுக்கு ஒண்டும் இல்லாத ஆளுக்கு என்ர மகளைத் தர ஏலாது. இதுக்கு நீர் என்ன சொல்லுறீர்?"

லோஜினி குசினி வாசலிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

கஜீபன் குனிந்து பொனட்டுக்குள் பார்த்தான். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பேனைக் குழலைப் பார்த்தான். மணம் தாங்காமல் மூக்கைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"அங்கிள், இது கரன்ட்டில ஓடுற கார்."