மாடென்ன இரும்பா?

செவலை மாடு செத்த கன்றை ஈன்றிருந்தது. நஞ்சுக்கொடியும் விழவில்லை. கையுறையைக் கழற்றியபடியே மாட்டு டாக்டரம்மா கேட்டார்.

"செவலை நிறையக் கறக்கிற மாடுன்னுதான் அதுக்கு மட்டும் சத்துப் பொடி கொடுத்தேன். நிறை சினையில உடம்பு உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கிற மாதிரி கெடும்னு சொன்னேனே. ஒழுங்காப் போட்டீங்களா?"

"தினமும் நான்தான் அது வாளியில கலந்து வச்சேன்," என்றாள் மருமகள்.

"மறந்திருப்பே. எந்நேரமும் போனை நோண்டினா வேற என்ன ஆகும்?" என்று எரிந்து விழுந்தான் புருஷன்.

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. 'மாடென்ன இரும்பா, துருப்பிடிக்க? ஊரை ஏமாத்துற வேலை' என்று அன்றைக்கு டாக்டரை நக்கலடித்த மாமனார், மூலையில் நின்றார். இனி இதைச் சொல்லியே தன் மானத்தை வாங்கப்போகிறார் என்று நினைத்தாள்.

"அவளைத் திட்டாதடா. அவ ஒரு நாளும் தவறல," என்றார் மாமனார்.

"அப்போ பொடி வேலை செய்யலையாப்பா?"

"செஞ்சுதே." போன வாரம் வெள்ளை மாடு ஈன்ற கன்று அடுத்த கொட்டிலில் துள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கை காட்டினார். "வெள்ளைதான் தின்னுச்சு. இவ அந்தப் பக்கம் போனதும் ரெண்டு வாளியையும் நான் மாத்தி வச்சுடுவேன்."

"ஏம்ப்பா?"

"என்ன மருந்தோ ஏதோ! ரெண்டுல எனக்குச் செவலைதாண்டா உசுரு."

அதன் நெற்றியைத் தடவப் போனார். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டு, கன்று கிடந்த இடத்தையே முகர்ந்தது.