துடைத்த குட்டி

தகரக் கூரைமேல் தூறல் விடாமல் விழுந்துகொண்டிருக்கிறது. விடிந்ததிலிருந்து முன்னங்காலால் தரையைக் கிளறி, படுப்பதும் எழுவதுமாகத் தவித்த செம்மறி இரண்டு குட்டி போட்டு முடித்துவிட்டது. முதல் குட்டி குளிரில் வெடவெடத்ததைப் பார்க்கப் பொறுக்காமல், தங்கைதான் வீட்டுக்குள் தூக்கிப்போய், வெந்நீரும் சோப்பும் போட்டுப் பளிச்சென்று துடைத்துக் கொண்டுவந்தாள். அதற்குள் இரண்டாவது மூச்சில்லாமல் வந்து விழுந்திருந்தது. ஆடு செத்ததையே நக்கிக்கொண்டிருக்கிறது. உயிரோடிருப்பதை முகர்ந்துவிட்டு முட்டித் தள்ளுகிறது. “அதோட வாசனையையே கழுவிட்டியேடி,” என்கிறாள் அக்கா. திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கிறது தங்கைக்கு. “சீம்பாலைக் கறந்து ஊட்டலாம்லக்கா?” “ஊட்டலாம். நக்கிவிட யாரு இருக்கா?” செத்த குட்டியின் ஈரத்தை வழித்து வழித்து மற்றதன் முதுகில் பூசுகிறாள் அக்கா. ஆடு முகர்கிறது. மறுபடியும் முட்டுகிறது. வைக்கோலில் உருண்ட குட்டி, நடுங்கும் கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி எழுந்து நிற்கிறது. தங்கையின் கையிலிருக்கும் துணியில் வெந்நீரின் சூடு இன்னும் ஆறவில்லை. ஆடு வாயைத் திறக்காமல், ஈன்ற கையோடு மட்டுமே எழும் அந்த அடித்தொண்டைக் குரலில், செத்ததைக் கூப்பிடுகிறது. நின்றுகொண்டிருக்கும் குட்டி “ம்மே” என்று பதில் கொடுக்கிறது.