உதட்டோடு ஒட்டாத வசனம்

டிவி தொடரில் வரும் பேய்க்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள் பூமா. சிறுவயதில் தன்னைப் பள்ளிச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிய தோழியைத் தேடி வருகிற பேய். பூமாவுக்கு அதை எழுதியவர்மேல் சந்தேகம். அஞ்சாம் வகுப்பில் அவள் கௌசல்யாவைப் பூட்டியது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கௌசல்யா அந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தாளில் ‘கதவைத் திற’ என்றிருந்தது. மூன்று முறை பேசியும் திரையில் நடிகையின் வாயசைவோடு ஒட்டவில்லை.

“இத எழுதுனது யாரு, சேவியர்?”

“யாரோ புதுசுக்கா,” என்றான் கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளன். “நடிச்ச பொண்ணுக்குத் தமிழ் தெரியாது. வழக்கம்போல வசனத்துக்குப் பதிலா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணியிருக்கும்.”

“சத்தமில்லாம ஒரு தடவ ஓட்டு.”

ஓட்டினான். எண்ணுகிற வாயாகத் தெரியவில்லை. உதடுகள் இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தன. ‘பூமா.’ அப்புறம், ‘பல்லி இருக்குடி, தொற.’

சத்தம் ஏதும் வந்துவிடாமல் பூமா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“பேப்பர்ல பல்லியெல்லாம் இல்லையேக்கா,” என்றான் சேவியர், பதிவை நிறுத்தியபடி. “பரவால்ல, இப்பதான் கச்சிதமா ஒட்டுது.”

அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.