உப்புப் போட்டுப் புதைத்த மயில்

மண்ணைத் தோண்டத் தோண்ட முதலில் உப்புதான் வந்தது.

கூடை கூடையாய்க் கொட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே மஞ்சளில் நனைத்த புது வேட்டி. வேட்டிக்குள் விபூதி பூசிய ஆண் மயில். தோகைகூடக் கசங்காமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

வனத்துறை ஆட்களில் ஒருவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

பழனியாத்தாள் கழற்றவில்லை. தென்னை மரத்தில் சாய்ந்து நின்று தோப்புக்காரர் குமாரசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் வெளுப்பதைப் பார்க்கத்தான் இன்றைக்குக் கூலி வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். வனத்துறைக்குப் போன் போட்டு, மயிலைப் புதைத்த இடத்தைச் சொன்னவளும் அவள்தான்.

"நாய் கடிச்சுச் செத்துக் கெடந்துச்சுங்க. முருகன் வாகனமாச்சேன்னு மொறையா அடக்கம் பண்ணிப்போட்டனுங்க," என்றார் குமாரசாமி.

அதில் பாதி உண்மை. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்தே காவடி எடுத்துப் போகிற மனிதர். மயிலைச் சாக்கில் கட்டி எறியவோ நெருப்பு வைக்கவோ அவருக்குக் கை வரவில்லை. சாமி குற்றம் ஆகிவிடுமாம்.

மாரப்பனின் பிணத்துக்கு நெருப்பு வைக்க மட்டும் அவருக்குக் கை வந்தது.

மாரப்பன் பழனியாத்தாளின் புருஷன். போன ஐப்பசியில் இதே தோப்புக்கு விடிகாலையில் தண்ணீர் கட்ட வந்தவன். காட்டுப்பன்றிக்காகக் குமாரசாமி வேலியோரம் கம்பி இழுத்து, அதில் திருட்டுத்தனமாகக் கரண்ட் விட்டிருந்தார். அதை மிதித்து விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் கணுக்காலில் மிளகு அளவுக்குக் கறுப்பாகத் தீய்ந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். மாரடைப்பு என்றார் குமாரசாமி. ஊரும் ஆமாம் போட்டது. விறகும் நெய்யும் அவரே கொடுத்து, பொழுது சாய்வதற்குள் எரித்து முடித்தார். நல்ல மனுஷன் என்று பேர் வேறு வாங்கிக்கொண்டார். ராத்திரியில் கம்பிக்குக் கரண்ட் விடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

போலீசில் போய் அழுதாள். சாம்பலை வைத்துக்கொண்டு என்னத்தைப் பார்ப்பது என்று கேட்டார்கள்.

இன்றைக்குப் பார்க்கிற ஆள் வந்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த வனத்துறைக் கால்நடை டாக்டர் ஹாரிகா. கையுறை மாட்டிக்கொண்டு மயிலின் ஒவ்வொரு இறகையும் விலக்கிப் பார்த்தாள். பிறகு காலைத் தூக்கி லென்ஸை வைத்தாள்.

"நாய் கடிச்ச பல்லுத் தடமே இல்லைங்க. வெரல்ல பாருங்க, கரண்ட் பாஞ்சு தீய்ஞ்சிருக்குது. உப்புப் போடாம இருந்தா இந்தத் தோலு எப்பவோ அழுகியிருக்கும்."

அந்தத் தோலை நறுக்கிக் குப்பியில் போட்டாள். கம்பியின் இரும்பு அதில் ஒட்டியிருக்கும், லேபில் வைத்தால் தெரிந்துவிடும் என்றாள். மோட்டார் ரூமில் சுருட்டி ஒளித்திருந்த கம்பியையும் ஆட்கள் கொண்டுவந்து போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், சாமிக்குப் பயந்து சோற்றை அவரே கிளறிக் கொடுத்துவிட்டார்.

மயிலைக் கொன்றால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்று ரேஞ்சர் சொன்னதும், குமாரசாமி வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மனுஷனுக்கு வராத சட்டம் மயிலுக்கு வந்திருந்தது. அந்த நியாயத்தை நினைத்தால் பழனியாத்தாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனால் வரப்பில் கிடக்கிறவரைப் பார்க்கப் பார்க்க, எரிகிற வயிற்றில் மோர் வார்த்த மாதிரியும் இருந்தது. நன்றாக உட்காரட்டும் என்று நினைத்தாள்.

ஹாரிகா மயிலின் கழுத்தடியில் இருந்த தீனிப்பையைக் கீறினாள். உள்ளே இருந்ததைத் தட்டில் பரப்பினாள். அவள் கை நின்றது.

வெந்த அரிசி. வெந்த துவரம்பருப்பு. ஒரு சின்ன வெங்காயத் துண்டு.

"ஏனுங்க, இது அரிசிம்பருப்புச் சோறாட்ட இருக்குது. கம்பிக்கிட்ட யாரு கொண்டுவந்து வெச்சது?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வரப்பில் இருந்த குமாரசாமியும் தலையைத் தூக்கினார்.

"நாந்தானுங்க டாக்டரம்மா," என்றாள் பழனியாத்தாள். "கம்பியை மிதிச்சு எங்கூட்டுக்காரரு உழுந்த எடமுங்க அது. அமாவாசைக்கு அவருக்குப் புடிச்ச சோத்தை ஆக்கி, காக்காய்க்கு வெச்சனுங்க."

ஹாரிகாவின் கண் கலங்கிவிட்டது. செத்தவனுக்கு வைத்த படையலை யார் குறை சொல்ல முடியும்? தட்டை மூடினாள். அந்தச் சாவையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லுங்கள் என்று ரேஞ்சரிடம் மெதுவாகச் சொன்னாள். குமாரசாமியை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது.

பழனியாத்தாள் திறந்து கிடந்த குழிக்கரையில் போய் நின்றாள். இப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். கை கூப்ப முடியவில்லை.

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அமாவாசை விடியலில், குமாரசாமி கம்பியில் கரண்டை நிறுத்தும் முன்னால் அவள் வைத்த சோற்றுக்கு முதலில் வந்தவை காக்கைகள்தான். ஒன்று மாரப்பனைப் போலவே தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

காக்கை செத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மயில் வந்து தலை குனியும் வரைக்கும், வந்த காக்கைகளையெல்லாம் அவள் கல்லெடுத்து விரட்டிக்கொண்டே இருந்தாள்.