வெட்டிவேர்த் தூறு

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய அம்மாவுக்குத் தணிகைவேல் புது வீட்டைவிடப் பெருமையாக வாசல் தொட்டியைத்தான் காட்டினான். ஆளுயர வெட்டிவேர், ஊதாக் கதிர்களோடு ஆடிக்கொண்டிருந்தது.

"நர்சரியிலகூட இப்படி ஒரு தூறு கெடைக்காதும்மா."

அம்மா ரேணுகாம்பாள் புல்லைத் தடவிப் பார்த்தாள். "எங்க புடிச்சப்பா இத?"

"பாலாத்தங்கரையில. சுத்தியும் முள்ளு, வெட்டிவேரு இது ஒண்ணுதான். வேரோட தோண்டிக்கினு வந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "உன் மருமக கிட்ட சொல்லிடாத. அந்த எடம் சுடுகாடு, அத சமப்படுத்துற கான்ட்ராக்ட் நம்மளுது. ஜேசிபி விட்டு மேடு பள்ளம் எல்லாத்தையும் ஒரே மட்டமாக்கியாச்சு. அதுக்கு முன்னாடி இதை மட்டும் காப்பாத்திட்டேன்."

அம்மா தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு பொறந்துதுப்பா. பதினோரு நாள்தான் இருந்துது. அங்கதான் பொதைச்சோம். கல்லு வைக்க அப்போ வக்கில்ல. அடையாளத்துக்கு உங்கப்பா இதை நட்டாரு."

தணிகைவேல் குனிந்தான். தொட்டியில் கை வைத்தான். "இப்பவே எடுத்துக்கினு போய் அதே எடத்துல நட்டுடறேன்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த எடத்துலப்பா?"