கணிப்பு சரியாக வந்த நாள்

கூட்ட அறையில் விளக்குகளை அணைத்திருக்கிறார்கள். திரையில் வரைபடம், அதில் ஓர் ஊரின் மேல் சிவப்புப் புள்ளி. கலவரம் எங்கே வெடிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் இந்த ஆய்வுத் துறையின் வேலை. நேற்று அந்த ஊரில் முப்பத்தொரு பேர் செத்திருக்கிறார்கள். துறைத் தலைவர் திரைக்கு முன்னால் வந்து நிற்க, புள்ளி அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுகிறது. "ஊரு, வாரம், ரெண்டும் அச்சு அசலா வந்திருக்கு. கைதட்டுங்கப்பா." தட்டுகிறார்கள். கணித்தவள் உட்கார்ந்தே இருக்கிறாள். அங்கே வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரித்துக் கொடுத்த பெண் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. "எழுந்து நில்லும்மா, எல்லாரும் பாக்கட்டும்." "நாப்பது நாளைக்கு முன்னாடியே இந்தக் கணிப்ப உங்க கையில குடுத்தேன் சார். அந்த ஊருக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" "முன்னாடியே வெளிய விட்டா நம்ம கட்டுரைய ஜர்னல்ல போட மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?" அவர் குரலில் கோபமே இல்லை. அவள் கட்டைவிரலுக்கு அடியில் பேனா மூடி பிளக்கிறது. "இப்ப ஏத்துக்கிட்டாங்க. செத்தவங்க எண்ணிக்கைய மட்டும் சேர்க்கச் சொல்றாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவியா?" அவள் எழுந்திருக்கிறாள். பின்வரிசையில் யாரோ மறுபடியும் தட்டத் தொடங்குகிறார்கள். "நீங்களே நேர்ல போய் எண்ணிட்டு வாங்க சார்."